பூந்தமல்லிக்கு எத்தனை புள்ளி?

போன வருடம் ஒரு நாள் காலை. அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீடு அம்பத்தூரில். ஆவடி போகும் வழியில் இருக்கும் ஒரு பரிசோதனை நிலையத்தில் ஏழு மணிக்கே அம்மாவை உட்கார வைத்துவிட்டு, ஆபீஸ் போன் ஒன்றைப் பேசி முடிக்க வெளியே வந்தேன். பேசி முடித்து உள்ளே போனபோது மணி எட்டேகால். அம்மா அதே நாற்காலியில் இருந்தார். முகம் வெளிறி, கை லேசாக நடுங்கிக் கொண்டிருந்தது. சர்க்கரை நோயாளி. முந்தின நாள் இரவு சாப்பிட்டதோடு சரி.

"என் பேரு வரவே இல்லடா. போர்டையேதான் பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

கவுன்ட்டரில் கேட்டேன். "ரெண்டு தடவை போட்டாச்சு சார். போர்டுல பாக்கலையா?" என்றார்கள்.

சுவரில் சிவப்பு விளக்குகளால் ஆன போர்டு. பெயர்கள் வலமிருந்து இடமாக ஓடிக் கொண்டிருந்தன. தமிழில்தான். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. அவருக்காகத்தான் அந்தத் தமிழ் போர்டு. மூன்றாவது முறை அம்மா பெயர் வந்தபோது நானும் பார்த்தேன். அம்மா பெயரில் ஒரு 'கொ' உண்டு. போர்டில் முதலில் வெறும் 'க', அதன் பின்னால் தனியாக ஒரு கொம்பு, அதற்கும் பின்னால் ஒரு கால். அடுத்து வர வேண்டிய மெய்யெழுத்தின் மேல் புள்ளியே இல்லை. நான் படித்த படிப்புக்கு, கொஞ்சம் யோசித்துக் கண்டுபிடித்தேன். அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. ஏனென்றால் நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். அந்த எழுத்து ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஏழு கோடுகளின் கதை

கால்குலேட்டர், டிஜிட்டல் கடிகாரம், ஆட்டோ மீட்டர், பெட்ரோல் பங்க் போர்டு. இவற்றில் தெரியும் எண்களைக் கவனித்திருப்பீர்கள். '8' என்ற எண்ணில் மொத்தம் ஏழு கோடுகள். அவற்றில் சிலவற்றை எரிய விட்டு, சிலவற்றை அணைத்தால் 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் வந்துவிடும். இதற்குச் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே என்று பெயர். இந்த யோசனை 1908-லேயே அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பமாகிவிட்டது. 1970-களில் எல்இடி கடிகாரமும் கால்குலேட்டரும் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்து, அப்பா பேச்சைச் சுருக்கிக் கொண்டது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூத்துகள் இப்போது இல்லை. ஆனால் அந்த எண்களின் வடிவம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

அதனால்தான் இன்று அந்த வடிவத்திலேயே ஃபாண்ட் செய்கிறார்கள். டிஜிட்டல்-7, டிஎஸ்இஜி போன்றவை கடிகார எண்களின் நகல்கள். விடி323 என்ற ஃபாண்ட், டிஇசி கம்பெனியின் விடி320 என்ற பழைய கம்ப்யூட்டர் டெர்மினலின் எழுத்தைப் பார்த்து வரைந்தது. இவற்றை இன்டர்நெட்டில் இறக்கி, பிறந்த நாள் அழைப்பிதழ், யூடியூப் படம், கடை விளம்பரம் என்று எல்லாவற்றிலும் போடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும்.

இப்போது ஒரு சோதனை. அப்படி ஒரு ஃபாண்டை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு, வேர்டில் ஆங்கிலத்தில் 'ஆவடி' என்று அடியுங்கள். சிவப்பு விளக்கு எழுத்துபோல வரும். அதே ஃபாண்டில் தமிழில் அடியுங்கள். சாதாரண எழுத்துதான் வரும். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஃபாண்டில் தமிழ் எழுத்தே இல்லை. அதனால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் நிர்மலா யுஐ போன்ற ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்து ஓட்டையை அடைத்துவிடுகிறது.

ஏன் இல்லை? ஏழு கோடுகளை வைத்துத் தமிழில் என்ன எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். இடது பக்கக் கோடுகளும் அடிக் கோடும் எரிந்தால் 'ட'. கூடவே வலது பக்கமும் எரிந்தால் 'ப'. அவ்வளவுதான். 'டப டப' என்று எழுதலாம். 'டப்பா' என்று எழுத முடியாது. புள்ளி வைக்க மேலே விளக்கு கிடையாது.

எட்டே எட்டு எழுத்து

கோடு போதாது என்றால் புள்ளிகளால் எழுதலாம். இதற்கு டாட் மேட்ரிக்ஸ் என்று பெயர். அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் ஏழு புள்ளி, ஆக 35 புள்ளிக்குள் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் தெளிவாக வந்துவிடும். ஆங்கிலத்துக்கு இது போதும். அதனால் உலகம் முழுக்க இதுவே வழக்கமாகிவிட்டது.

தமிழுக்கு? 'ண' எழுத்தை ஐந்து புள்ளி அகலத்தில் வரைந்து பாருங்கள். சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி 'ன' ஆகிவிடும். 'எ' எழுத்துக்கும் 'ஏ' எழுத்துக்கும் வித்தியாசம் கீழே ஒரு சின்னக் கோடு. அதற்கு இடம் கிடையாது. 'கி' எழுத்துக்கு மேலே சுழி வேண்டும். 'கு' எழுத்துக்குக் கீழே வால் வேண்டும். நம் எழுத்துக்கு நடு உடம்பு மட்டும் போதாது. மாடியும் வேண்டும், நிலவறையும் வேண்டும்.

கல்லூரியில் கடைசி வருட புராஜெக்டில் இதை நேரில் அனுபவித்தேன். பஸ் நிறுத்தத்தில் அடுத்த ஊர் பெயரைக் காட்டும் ஒரு சின்னக் கருவி செய்தோம். ரிச்சி தெருவில் வாங்கிய 16 எழுத்து, 2 வரி எல்சிடி. உள்ளே ஹிட்டாச்சியின் எச்டி44780 வகைச் சிப். அதில் ஆங்கில எழுத்தெல்லாம் ஏற்கெனவே பதிந்திருக்கும். நாமே வரைந்து சேர்க்க எட்டு இடம் மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி.

'அம்பத்தூர்' என்று எழுத முயன்றோம். 'அ' எழுத்துக்கு இரண்டு கட்டம். 'ம்', 'ப', 'த்' ஒவ்வொரு கட்டம். 'தூ' எழுத்துக்கு இரண்டு. 'ர்' ஒன்று. எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு. எங்களுக்கு ஒரே குதூகலம். அடுத்த வரியில் 'ஆவடி' என்று போடலாம் என்றால் இடம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு ஊர்தான். கடைசியில் பரீட்சைக்கு வந்த பேராசிரியர்களிடம் ஆங்கிலத்தில் காட்டி மார்க் வாங்கிக் கொண்டோம். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மா பசியோடு உட்கார்ந்திருந்த அன்றுதான் உறைத்தது.

கொம்பு எங்கே போனது?

பரிசோதனை நிலைய போர்டில் புள்ளிகளுக்குப் பஞ்சம் இல்லை. அது கடைகளில் நீங்கள் பார்க்கும் பி10 வகைப் பலகை. ஒரு பலகையில் அகலத்தில் 32, உயரத்தில் 16, ஆக 512 விளக்குகள். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் 10 மில்லி மீட்டர் இடைவெளி. அதனால்தான் பி10 என்று பெயர். 16 புள்ளி உயரம் இருந்தால் தமிழைத் தாராளமாக எழுதலாம். பிறகு ஏன் உடைந்தது?

கம்ப்யூட்டருக்குள் தமிழ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது பதில். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', அடுத்து 'ஒ' எழுத்தின் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். நாம் உச்சரிக்கும் வரிசை அது. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இப்படி எழுத்தைப் பிரித்து இடம் மாற்றி அடுக்க ஒரு சாஃப்ட்வேர் தேவை. விண்டோஸில் அது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் குரோம், ஃபயர்பாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் இந்த வேலையைச் செய்கிறது. நீங்கள் தினமும் தமிழில் மெசேஜ் அனுப்பும்போது அது சத்தமில்லாமல் உங்களுக்காக உழைக்கிறது.

விலை மலிவான போர்டுகளோடு வரும் புரோகிராம்களில் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்காது. ஒரு குறியெண்ணுக்கு ஒரு படம் என்று வந்த வரிசையில் வைத்துக் கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்குக் கொம்பு பின்னால் போய்விடும். பதினாறு புள்ளி உயர எழுத்துகளுக்குப் பேர் போன யூனிஃபாண்ட் என்ற இலவச ஃபாண்டை 1998-ல் ரோமன் சிபோரா தொடங்கினார். உலக மொழிகள் பலவற்றோடு தமிழும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையும் குறியெண்ணுக்கு ஒரு படம் என்பதுதான். 'கு', 'மூ' போன்ற சேர்ந்த வடிவங்களை நாம்தான் வரைந்து கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யூனிகோடு பரவுவதற்கு முன்பு இந்தப் பிரச்சினை இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு வந்த டாப், டாம் குறியீடுகளில் கொம்பு தனி எழுத்து. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தார்கள். மக்குக் கருவி கூட அதைச் சரியாகக் காட்டிவிடும். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்பதையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. உலகமே யூனிகோடில் பேசும்போது திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் போர்டுக்கு உள்ளே, 247 எழுத்துக்கும் தனித்தனிப் படம் வைத்துக் கொள்வது இன்றைய சிப்புக்கு ஒரு சுமையே அல்ல. ஓர் எழுத்துக்கு 16-க்கு 16 புள்ளி என்றால் 32 பைட். 247 எழுத்துக்கு எட்டாயிரம் பைட்டுக்கும் குறைவு. உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை.

மூன்று ஊர், ஒரு கணக்கு

"தமிழ் இடத்தை அடைக்கும், செலவு அதிகம்" என்று போர்டு செய்பவர்கள் சொல்வார்கள். நிஜமா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டத்தாளில் 16 புள்ளி உயரத்தில் எங்கள் பக்கத்து மூன்று ஊர்களின் பெயரையும் வரைந்தேன். ஆங்கிலத்தை வழக்கமான ஐந்து புள்ளி அகலத்தில், எழுத்துக்கு இடையே ஒரு புள்ளி விட்டுக் கணக்கிட்டேன்.

ஆவடி: ஆங்கிலத்தில் 29 புள்ளி அகலம், ஒரு பலகை போதும். தமிழில் 40 வந்தது, இரண்டு பலகை. இங்கே ஆங்கிலம் ஜெயித்தது.

அம்பத்தூர்: ஆங்கிலத்தில் 47, இரண்டு பலகை. தமிழில் 69, மூன்று பலகை. இங்கேயும் தமிழுக்கு ஒன்று கூடுதல்.

பூந்தமல்லி: ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து. 65 புள்ளி. இரண்டு பலகையின் 64-ஐ ஒரு புள்ளியால் தாண்டி, மூன்றாவது பலகை கேட்கிறது. தமிழில் ஆறே எழுத்து, 75 புள்ளி. அதே மூன்று பலகைக்குள் கம்பீரமாக உட்கார்ந்துவிட்டது.

ஆக, சில பெயருக்கு ஒரு பலகை கூடுதல், சில பெயருக்குச் சமம். அதுவும் எழுத்து ஓடாமல் நிற்கும் போர்டுக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடும் போர்டில் இந்தச் செலவும் கிடையாது.

இங்கிலீஷிலேயே போட்டால் என்ன?

ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது.

ஒருவர், "எல்லோருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியும். எதற்கு இந்தப் பாடு?" என்றார். எல்லோருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியாது. அவர் வயதில் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் போர்டைப் படிக்காவிட்டாலும் போனை எடுத்துப் பார்த்துக் கொள்வார். போர்டை மட்டுமே நம்பி இருப்பவர் மற்றவர்தான்.

இன்னொருவர், "எழுத்தைச் சீர்திருத்தி எளிமையாக்கிவிட்டால் மெஷினுக்குச் சுலபம்" என்றார். இது புதிய யோசனை அல்ல. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் எழுத்து மாற்றத்தைக் கொண்டு வந்தார். 1978-ல் தமிழ்நாடு அரசு 'ணை', 'லை', 'றா', 'னா' போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றி ஆணை போட்டது. வா.செ.குழந்தைசாமி அவர்கள் இகர, உகர வரிசைகளையும் மாற்ற வேண்டும் என்று வாதாடினார். ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தாக அச்சுக் கோத்த காலத்தில் அச்சுகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மையான லாபம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டாயிரம் பைட்டில் அடங்கும் விஷயத்துக்காக, எழுதப் படிக்கக் கற்ற ஒவ்வொருவரும் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டுமா? மாற வேண்டியது மெஷின்தான்.

ஃபாண்ட் வரைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டிஜிட்டல் பாணியில் தமிழ் ஃபாண்ட் செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஆங்கிலத்தின் ஐந்துக்கு ஏழு பெட்டியை எடுத்து அதற்குள் தமிழை மடக்காதீர்கள். வளைவை உடைத்துக் கோணமாக்கலாம், படிக்க முடியும். புள்ளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அழைப்பிதழில் அது அழகுக் குறைவு. மருந்துக் கடை போர்டில் அது ஆபத்து.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் கடைக்கோ, தெருக் கோயில் விழாவுக்கோ, பள்ளி ஆண்டு விழாவுக்கோ ஓடும் போர்டு வாங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கொம்பு உடைந்தால் "இதுக்குத் தமிழ் வராது சார்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். இதைச் செய்யுங்கள்.

முதலில் கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டைச் சேர்த்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 உடன் வருகிறது. செட்டிங்ஸில் மொழி என்ற பகுதியில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

அடுத்து பெயின்ட் புரோகிராமைத் திறங்கள். கண்ட்ரோல் கீயோடு ஈ அழுத்தினால் படத்தின் அளவு கேட்கும். அலகைப் பிக்சல் என்று வையுங்கள். மூன்று பி10 பலகை என்றால் அகலம் 96, உயரம் 16. கறுப்பு வெள்ளை என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுங்கள்.

படம் மிகச் சின்னதாகத் தெரியும். 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ட்ரோலோடு ஜி அழுத்துங்கள். கட்டம் கட்டமாகக் கோடு வரும். ஒரு கட்டம் போர்டில் ஒரு விளக்கு.

டெக்ஸ்ட் கருவியால் பெயரைத் தமிழில் அடியுங்கள். விண்டோஸ் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைத்துவிடும். சின்ன அளவில் சில கோடுகள் அறுந்திருக்கும். பென்சில் கருவியை எடுத்து, ஒவ்வொரு புள்ளியாகச் சரி செய்யுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைச் சுற்றி ஒரு கட்டம் காலியாக விடுங்கள். அப்போதுதான் தூரத்திலிருந்து தெரியும்.

பிஎம்பி கோப்பாகச் சேமித்து, போர்டு சாஃப்ட்வேரில் எழுத்தாக இல்லாமல் படமாகச் சேருங்கள். பெரும்பாலான போர்டுகள் ஏற்றுக் கொள்ளும். படத்தில் கொம்பு இடம் மாறாது.

ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் ஆகும். தினமும் மாறும் பெயர்ப் பட்டியலுக்கு இது ஒத்து வராது, ஒப்புக் கொள்கிறேன். அதற்குப் போர்டு செய்பவர்கள்தான் வழி செய்ய வேண்டும். வாங்கும் நாம் கேட்டால் செய்வார்கள். பணம் கொடுக்கும் முன் 'கொ', 'ணை', 'தூ', 'க்' என்ற நான்கு எழுத்தையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் சரியாக வந்தால் வாங்குங்கள்.

பரிசோதனை நிலையத்துக்கு அடுத்த வாரம் போய் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கூட வந்திருந்த அம்மா நடுவில், "இதுக்கு எதுக்குடா இவ்ளோ? ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்து அதையே போர்டுல போடச் சொல்லு. நம்பர் எனக்குத் தெரியுமே" என்றார். இப்போது அங்கே டோக்கன் எண்தான் ஓடுகிறது. எஞ்சினியரின் மூளைக்கு எட்டாத தீர்வு.

வெளியே வந்ததும் அம்மா இன்னொன்றும் சொன்னார். "ஆனா பேரு போட்டா, பேரு பேரு மாதிரி இருக்கணும்டா."

நான் கட்டத்தாளை மறுபடி எடுத்துவிட்டேன். 247 எழுத்தில் இதுவரை 60 முடிந்திருக்கிறது. முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளும்படி இலவசமாகக் கொடுக்கப் போகிறேன். முதலில் வரைந்த எழுத்து 'கொ'.